கீழ்மடிப்பு

அளவு நாடாவை இடுப்பில் வைத்துக்
கீழே விடுகிறேன்.
"முட்டிக்கு மேல நாலு விரல்" என்கிறாள் மகள்.
"யாரு விரல்?" என்கிறாள் குமுதா.
திருச்சியில் அவள் எடுத்துக்கொடுத்த பாவாடை,
கணுக்கால் வரை, இன்னும் விலைச்சீட்டு வாசத்தோடு.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டு மூடியிருக்கிறது.
கடை வாசலில் ஒரு நெல் லாரி, இரண்டு பஸ்,
மூச்சு வாங்கும் டிராக்டர்.
எங்களைப் பார்க்க எல்லாருக்கும் நேரம் இருக்கிறது.
திரையை இழுத்துவிடுகிறேன்.

மகள் போனில் படிக்கிறாள்:
சீமையில் யாரோ அறுபது வருஷம் முன்னால்
கத்தரியை மேலே ஏற்றினார்களாம்,
அங்கேதான் பிறந்ததாம் குட்டைப்பாவாடை.
இருக்கட்டும். மறுத்துப் பேச
எட்டாவது போதாது.

ஆனால் எட்டாவதில்
என் நீலப் பாவாடைக்குள் மூன்று மடிப்பு இருந்தது.
வருஷத்துக்கு ஒன்றாகப் பிரிப்பாள் அக்கா.
பிரித்த இடத்தில் வெளுக்காத நீலம் ஒரு கோடு,
மதகுச் சுவரில் தண்ணீர் நின்ற தடம் மாதிரி.
மூன்றும் தீர்ந்ததும் துணி நின்றுவிட்டது.
கால் நிற்கவில்லை.
வெள்ளிக்கிழமை தோறும் சிஸ்டர் பெர்னதத்
வராந்தாவில் மண்டியிடச் சொல்வார்.
விளிம்பு தரையைத் தொடவேண்டும்.
என்னுடையது தொடாது.
வயிற்றை எக்கி, பட்டையை இடுப்புக்குக் கீழே தள்ளி,
தரையை ஏமாற்றப் பார்ப்பேன்.
யாரும் கத்தரி வைக்காமலே
எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த நாகரிகம் அது.

அம்மாவுக்கு இன்னும் முந்தி.
மேட்டூர் திறந்து, தண்ணீர் மூணாறு தலைப்பு தாண்டி
எங்கள் வாய்க்காலுக்கு வந்துவிட்டால் நடவு.
சேற்றில் இறங்குமுன் சேலையைத்
தொடை தெரிய வரிந்து சொருகுவாள்.
இருபது பெண்கள், நாற்பது கால்.
வரப்பில் குடையோடு ஒருவர் நின்று
நாற்றுமுடி எண்ணுவார்.
கால்களை எண்ணினாரா,
அம்மா சொன்னதில்லை.
வாய்க்காலில் கழுவி, தெருமுனைக்கு முன்னாலேயே
சேலை கணுக்காலுக்கு இறங்கிவிடும்.
சேற்றில் முழங்காலுக்கு மேலே போனால்
அதற்குப் பெயரே கிடையாது.
தார் ரோட்டில் போனால் நூறு பெயர்.

என் முதல் அளவு நோட்டு தொண்ணூற்றிரண்டு.
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது,
பக்கம் பக்கமாகத் தரையைத் தொடும் எண்கள்.
நடுவில் ஒரே ஒரு பதினேழு.
கூத்தாநல்லூரிலிருந்து வந்தாள்,
சிங்கப்பூர்த் துணி, ஒரு படம் கிழித்த தாள்.
"வீட்டுக்குள்ளதான் அக்கா. கண்ணாடிக்கு."
பெயர் எழுதவேண்டாம் என்றாள்.
தைத்ததை வெள்ளைத் துப்பட்டிக்குள் வைத்து
எட்டு மணி பஸ்ஸில் போனாள்.
அந்தப் பதினேழு இன்னும்
யாருக்கும் சொந்தமில்லாமல் நோட்டில் இருக்கிறது.

குமுதா என் காதோரம் வருகிறாள்:
"உள்ள நாலு இன்ச் மடிச்சு விடுங்க.
பின்னாடி எறக்கிக்கலாம்."
மகளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.
"வெட்டிடுங்க."

கேட்டு திறந்தது. லாரி உறுமியது.
பாவாடையை மேஜையில் விரித்து
வெட்டினேன்.

"பாதித் துணிதானே, கூலியும் பாதிதானே?"
குமுதா சிரிக்கவில்லை, நிஜமாகத்தான் கேட்டாள்.
"விளிம்புக்குச் சுத்தளவுதாங்க கணக்கு.
ஒசரம் இல்ல."
எண்பது ரூபாயை எண்ணி வைத்தாள்.

வெட்டிய ஒரு அடித் துணி
வளையமாகத் தரையில் கிடந்தது.
மிஷின் எண்ணெய் துடைக்க ஆகுமே என்று
நான் குனிவதற்குள்
குமுதா எடுத்தாள். தன் இடுப்புக்கு நேரே
ஒரு நொடி பிடித்தாள்.
பிறகு நாலாக மடித்துக் கைப்பையில் வைத்து
ஜிப்பை இழுத்தாள்.

மகள் கண்ணாடியில் இருந்தாள்.
பார்க்கவில்லை.